படிக்காமல் போட்ட கையெழுத்து

முப்பத்தைந்து வருடமாக எனக்கு அச்சுத் தொழில். புரூப் படிக்காமல் ஒரு கல்யாணப் பத்திரிகையைக்கூட மெஷினில் ஏற்றியதில்லை. மாப்பிள்ளை பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் மண்டப வாசலில் வைத்து மானத்தை வாங்கிவிடுவார்கள். அப்படிப்பட்ட நான், என் கண்ணுக்குள் லேசர் வைப்பதற்குச் சம்மதம் கேட்ட படிவத்தில் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

படிக்க முடியவில்லை. முதலில் சொட்டு மருந்து விட்டுவிட்டார்கள். கண்பாவை விரிவதற்காகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, மூன்று தடவை. அரைமணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்த பிறகு ஒரு பெண் வந்து அட்டையில் செருகிய தாளை நீட்டினாள். "இங்க ஒண்ணு, பின்னாடி ஒண்ணு ஐயா." பாவை விரிந்திருக்கும்போது கிட்டத்தில் இருப்பது எல்லாம் கலங்கும். எட்டு பாயிண்ட் எழுத்து எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. என் மனைவி பணம் கட்டக் கீழே போயிருந்தாள். சரி, எல்லாரும் போடுவதுதானே என்று பெருக்கல் குறி போட்டிருந்த இடத்தைத் தடவிக் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். அந்தத் தாளில் என்ன இருந்தது என்பது அடுத்த எட்டு மாதத்தில் ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். நான் சிவகாசிக்காரன். காலண்டர், டைரி, பட்டாசுப் பெட்டி லேபிள், எது வந்தாலும் அடிப்போம். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது எங்கள் ஊர் வழக்கம். போன வருடம் ஆனிக் கடைசியில் அந்த அவசரத்தில் இருந்தோம். முருகன் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சீட்டை உருவி வெளிச்சத்தில் பிடித்தால், வேலுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு நூல்.

"டேய், பிளாங்கெட்டைக் கழுவுடா, தூசி ஒட்டியிருக்கு."

மெஷினை நிறுத்தி, மையைத் தாளில் பதிக்கும் அந்த ரப்பர் விரிப்பைக் கழுவினான். அடுத்த சீட்டிலும் நூல். மறுபடி திட்டினேன். மெஷின்மேன் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சீட்டுல ஒண்ணுமில்லையே அண்ணாச்சி" என்றான். அப்போதுதான் கவனித்தேன். நான் கண்ணை இடப்பக்கம் திருப்பினால் நூலும் இடப்பக்கம் போனது, ஒரு கணம் தாமதமாக. மறுநாள் காலை அது நூலாக இல்லை. தண்ணீர் டம்ளரில் ஒரு சொட்டுக் கறுப்பு மையை விட்டால் புகைமாதிரி இறங்குமே, அப்படி இடது கண்ணுக்குள் எதுவோ இறங்கிக்கொண்டிருந்தது.

எனக்குச் சுகர் வந்து பதினேழு வருடம் ஆகிறது. மாத்திரை போடுவேன், சோறும் போடுவேன். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (எச்.பி.ஏ.1சி) அப்போது 9.8. கண்ணாடிக் கடைக்காரர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணாடி மாத்துற கேஸ் இல்ல அண்ணாச்சி, மதுரைக்குக் கிளம்புங்க" என்றார்.

மதுரை எழுபது கிலோமீட்டர். அங்கே ஒரு பெரிய கண் மருத்துவமனையில் முதல் நாள் முழுக்கப் பரிசோதனை. கையில் நரம்பு பார்த்து ஒரு சாயத்தை ஏற்றி, அது கண்ணின் ரத்தக் குழாய்களில் ஓடும்போது படம் எடுத்தார்கள். ஆஞ்சியோ என்றதும் என் மனைவி இதயத்துக்கு என்று நினைத்துப் பயந்துவிட்டாள். சாயம் ஏறியதும் குமட்டியது, அப்புறம் சரியாகிவிட்டது. சாயங்காலம் வரை தோல் மஞ்சள் பூசினதுபோல் இருந்தது. சிறுநீர் அன்று போன நிறத்தை எங்கள் கடையில் ஃப்ளோரசன்ட் மஞ்சள் என்று தனி டப்பாவில் வைத்திருப்போம், விலை அதிகம்.

டாக்டரம்மா அந்தப் படத்தைத் திரையில் காட்டினார். கறுப்பு வெள்ளை. நடுவில் குழாய்கள் மரக்கிளை மாதிரி அழகாகப் பிரிந்திருந்தன. ஓரத்துக்குப் போகப் போக அங்கங்கே வெறும் இருட்டுத் திட்டுகள், ரத்தம் போகாத இடங்கள். இருட்டும் வெளிச்சமும் சேரும் வரம்பில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு பிய்த்துப் போட்டதுபோல். மோசமான பிளேட்டில் மை கசிந்தால் இப்படித்தான் இருக்கும். அவை புதிதாக முளைத்த குழாய்கள் என்றும், சாயம் கசிவதால்தான் பஞ்சு மாதிரித் தெரிகிறது என்றும் சொன்னார்.

அவர் தஞ்சாவூர்ப் பக்கம். விளக்கம் சொன்னதும் அந்த ஊர் பாஷையில்தான். "ஐயா, வாய்க்கால்ல தண்ணி கம்மியாயிடுச்சு. கடைமடைக்குப் போகல. அந்தக் கடைமடை வயல் பூராவும் தண்ணி வேணும், தண்ணி வேணும்னு கத்துது. அந்தச் சத்தத்துல புதுசா வாய்க்கால் முளைக்குது. ஆனா அது கரை பலமில்லாத வாய்க்கால், உடைஞ்சுரும். உடைஞ்சதுதான் நீங்க பாத்த கறுப்பு. இப்ப நான் என்ன பண்ணப்போறேன்னா, கடைமடையைத் தரிசு போடப்போறேன். கேக்குறதுக்கு ஆள் இல்லைன்னா கத்தலும் இல்ல. இருக்குற தண்ணி நடுவுல இருக்குற நஞ்சைக்குப் பத்தும்."

இதைவிடத் தெளிவாக நான் பிறகு எங்கும் படிக்கவில்லை. மருத்துவப் பெயரோடு சொன்னால், இது டயாபடிக் ரெட்டினோபதி, அதாவது சுகரால் விழித்திரையின் ரத்தக் குழாய்கள் கெடும் நோய். பட்டினி கிடக்கும் விழித்திரை வி.ஈ.ஜி.எஃப். என்ற ஒரு பொருளைச் சுரக்கிறது. புதுக் குழாய்களை முளைக்க வைப்பது அதுதான். விழித்திரையில் ஆக்சிஜனை அதிகம் தின்பவை ஒளியை உணரும் செல்கள். ஓரத்தில் அவற்றைக் கொஞ்சம் சுட்டு அழித்துவிட்டால் தேவை குறைகிறது, சுரப்பும் குறைகிறது, முளைத்த குழாய்கள் சில வாரங்களில் வாடுகின்றன. ஆனால் கடைமடைக்காரனுக்குத்தானே தெரியும், தரிசு போட்டால் என்ன ஆகுமென்று. அந்தக் கேள்வி அன்று எனக்குத் தோன்றவில்லை.

ஊசி என்று ஒரு வழியும் இருந்தது. வி.ஈ.ஜி.எஃப்.பை அடக்கும் மருந்தைக் கண்ணுக்குள் ஊசியாகப் போடுவது. இந்த வகை நோய்க்கு அது லேசருக்குக் குறைந்ததில்லை என்று அமெரிக்காவில் 2015ல் வந்த ஆய்வு முடிவே இருக்கிறது, ஓரப் பார்வையும் அதில் குறைவாகத்தான் போகிறது. "மாசாமாசம் தவறாம வருவீங்களா?" என்று கேட்டார். புரட்டாசி முதல் மார்கழி வரை எனக்குத் தூங்கவே நேரமிருக்காது என்று உண்மையைச் சொன்னேன். "அப்ப லேசர்தான். ஊசியை நம்பிக்கிட்டு நடுவுல வராம போனா, மருந்து இறங்கினதும் குழாய் திரும்ப முளைக்கும். வந்து பாக்குறப்ப ரொம்ப முத்திப்போயிருக்கும். லேசர் நீங்க வராட்டியும் உள்ள இருக்கும்." அவர் கணக்கு சரி. இன்றும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஒரு கண்ணுக்கு மூன்று தடவை, வாரத்துக்கு ஒரு கண். ஒரேயடியாக எல்லாவற்றையும் சுட்டால் வீக்கம் அதிகம் வரும் என்பதால் பிரித்து வைக்கிறார்கள்.

லேசர் அறை சின்னது, இருட்டு. கதவில் சிவப்பு விளக்கு. கண் மரத்துப்போக ஒரு சொட்டு. தாடையை ஒரு தாங்கியில் வைத்து நெற்றியைப் பட்டையில் அழுத்த வேண்டும், பின்னந்தலைக்கும் ஒரு வார் போட்டார்கள். அப்புறம் வழவழப்பான ஜெல் தடவிய ஒரு தடித்த லென்ஸைக் கண்மேலேயே வைத்தார். இமை மூட வராது. அந்த லென்ஸ் வழியாக டாக்டருக்கு விழித்திரை தலைகீழாக, இடம் வலம் மாறித் தெரியுமாம். நான் தொழிலுக்கு வந்தபோது ஈய எழுத்தைக் கையால் கோத்தவன். எழுத்தைக் கண்ணாடி பிம்பமாகவே படித்துப் பழகியவன். அதனால் அந்த ஒரு விஷயத்தில் அவர்மேல் தனி மரியாதை வந்தது.

முதல் வெளிச்சம் பச்சை. எங்கள் தொழிலில் பச்சை என்று பார்த்த எதுவும் அந்தப் பச்சை இல்லை. 532 நானோமீட்டர் என்று ஒரே ஒரு அலைநீளம், அதில் வேறெதுவும் கலக்கவில்லை. டாக்டர் காலால் மிதியை அழுத்த, டிக் என்று ஒரு சத்தம், ஒரு பச்சைப் புள்ளி. டிக், டிக், டிக். பத்தில் ஒரு பங்கு நொடிக்கு ஒரு சூடு. முதல் ஐம்பது வரை ஒன்றும் தெரியவில்லை. இதுக்கா இவ்வளவு பயந்தோம் என்று நினைத்தேன். பிறகு அவர் பக்கவாட்டுக்கு நகர்ந்தார். கடிகாரத்தில் மூன்று மணி இருக்கும் இடம், ஒன்பது மணி இருக்கும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே விழித்திரைக்குப் பின்னால் நீளமான நரம்புகள் ஓடுகின்றன. புள்ளி விழும்போது கண்ணின் பின்புறத்திலிருந்து பல்லின் வேர் வரைக்கும் சுள்ளென்று இழுத்தது. சொத்தைப் பல்லில் ஐஸ் தண்ணீர் பட்டதுபோல். வலி தாங்காதவர்களுக்குக் கண்ணின் பின்னால் மரப்பு ஊசி போடுவார்களாம். நான் வேண்டாம் என்று தாங்கியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டேன்.

"அசையாதீங்க ஐயா. காது பக்கமா பாருங்க. நேரா பச்சையைப் பாக்காதீங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சொன்னார். விழித்திரையின் நடுவில் குண்டூசித் தலையளவு ஒரு இடம் இருக்கிறது. எழுத்துப் படிப்பது, முகம் அடையாளம் காண்பது எல்லாம் அங்கேதான். நோயாளி சட்டென்று கண்ணைத் திருப்பி ஒரு சூடு அங்கே விழுந்துவிட்டால், அந்தப் பார்வை போனது போனதுதான். இரண்டாவது தடவை எனக்குத் தொண்டையில் கரகரத்தது. இருமல் வருகிறது என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் காலை எடுத்துவிட்டார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "உங்க கண்ணு முன்னாடியே சொல்லிருச்சு" என்றார்.

முடிந்து விளக்கைப் போட்டதும் எனக்கு ஒரு கூத்து. அறை, டாக்டரின் வெள்ளைக் கோட்டு, சுவர் எல்லாம் மெஜந்தா. என் மனைவி மெஜந்தா. பச்சையை அளவுக்குமேல் பார்த்துக் கண் ஓய்ந்துபோனால் அதன் எதிர் நிறம்தானே தெரியும். அச்சுக்காரனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பத்து நிமிடத்தில் உலகம் பழைய நிறத்துக்கு வந்தது. பேருந்தில் வரும்போது தலைவலி, ஒரு மாத்திரை.

மூன்று தடவையும் சேர்த்து ஒரு கண்ணுக்குச் சுமார் 1,500 புள்ளி என்று எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் என் கை சும்மா இருக்குமா? ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர் குறுக்களவு. 1,500 புள்ளிகளின் பரப்பு ஏறக்குறைய 295 சதுர மில்லிமீட்டர். விழித்திரையின் மொத்தப் பரப்பு சுமார் 1,100. ஆக என் கண்ணில் கிட்டத்தட்ட இருபத்தேழு சதவீத டின்ட் அடித்திருக்கிறார்கள். வெளிர்ச் சாம்பலுக்கு நாங்கள் போடும் அளவு. இப்போது வரும் சில மெஷின்களில் ஒரே மிதியில் கட்டம் கட்டமாகப் பல புள்ளிகள் விழும், ஒவ்வொன்றும் நொடியில் ஐம்பதில் ஒரு பங்குதான். சூடு ஆழமாகப் பரவ நேரமில்லாததால் வலி குறைவு, ஆனால் புள்ளிகள் அதிகம் வைக்க வேண்டியிருக்கும்.

இந்த வைத்தியத்தின் மூலக்கதை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. காரணம், அது கிரகணத்தில் ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு காலண்டரிலும் கிரகண நாள் போட்டு, வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது என்று ஒரு வரி அடிப்பது என் வேலை. 1945 ஜூலையில் ஜெர்மனியில் ஒரு மருத்துவ மாணவர் அப்படி வெறும் கண்ணால் சூரிய கிரகணத்தைப் பார்த்து நடுப்பார்வையைச் சுட்டுக்கொண்டார். அந்தக் கண்ணைப் பரிசோதித்த மேயர் ஷ்விக்கராத் என்ற டாக்டர், வெளிச்சம் இவ்வளவு சுத்தமாகத் தழும்பு உண்டாக்கும் என்றால் அதையே நாம் வேண்டும் இடத்தில் உண்டாக்கலாமே என்று யோசித்திருக்கிறார். ஹாம்பர்க்கில் மருத்துவமனைக் கூரையில் கண்ணாடிகளை வைத்துச் சூரிய ஒளியையே நோயாளியின் கண்ணுக்குள் இறக்கினார். மேகம் மூடினால் வைத்தியம் கிடையாது. பிறகு செனான் விளக்கு வந்தது. 1960 மேயில் மைமன் என்பவர் முதல் லேசரை, ஒரு மாணிக்கக் கோலை வைத்து, ஒளிர வைத்தார். சில வருடத்திலேயே அது கண்ணுக்கு வந்துவிட்டது. பச்சை கலந்த ஆர்கான் லேசர் அறுபதுகளின் கடைசியில்.

இது உண்மையிலேயே பலன் தருகிறதா என்று அமெரிக்காவில் பெரிய அளவில் சோதித்தார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கண்ணுக்கு வைத்தியம் செய்துவிட்டு மறு கண்ணை அப்படியே விட்டார்கள். 1976ல் கணக்கைப் பார்த்தால், லேசர் வைத்த கண்களில் பார்வை மோசமாகப் போவது பாதிக்கும் கீழே குறைந்திருந்தது. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால், விட்டுவைத்த கண்களுக்கும் வைத்தியம் செய்யலாம் என்று ஆய்வின் விதியையே மாற்றிக்கொண்டார்கள். இதைப் படித்தபோது என் சித்தப்பாவை நினைத்துக்கொண்டேன். அவர் ஒரு கண்ணுக்கு ஒருமுறை லேசர் வைத்துக்கொண்டு, மங்கலாக இருக்கிறது என்று கோபித்துக்கொண்டு திரும்பப் போகவே இல்லை. கடைசி ஏழு வருடம் அவரைக் கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போனோம்.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது என்பது எனக்கு வலது கண்ணில் இரண்டாவது தடவை முடிந்த வாரம் புரிந்தது. நாள்காட்டியில் ராகுகாலம், எமகண்டம் இருக்கும் பொடி எழுத்து வளைந்து தெரிந்தது. நேர்கோடு ஆற்றுத் தண்ணீரில் தெரியும் கோடுமாதிரி நெளிந்தது. வலது கண் எனக்கு நல்ல கண். பயந்து அடித்துக்கொண்டு மதுரைக்கு ஓடினேன். ஓசிடி என்று ஒரு ஸ்கேன், வலி இல்லை, உட்கார்ந்தால் ஒரு நிமிடம். நடுப்பகுதி வீங்கியிருந்தது. ஓரத்தைச் சுடுவதால் நடுவில் நீர் கோப்பது இந்த வைத்தியத்தில் தெரிந்த விஷயம்தான் என்றார்கள். எனக்குத்தான் தெரியாது. அதற்கு ஊசி போட்டார்கள், எதைத் தவிர்க்க லேசருக்குப் போனேனோ அதே ஊசி. ஐந்து வாரத்தில் கோடு நேரானது. அந்த ஐந்து வாரம் என் கடையிலிருந்து போன எந்தப் புரூபையும் நான் படிக்கவில்லை, என் மகள்தான் படித்தாள்.

ஊசிக்காகக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு சின்னப் பெண், இருபத்தைந்து இருக்கும், சிறுவயதிலேயே இன்சுலின் ஆரம்பித்தவள். லேசருக்குப் பிறகு செல்போனில் எழுத்து தெரியவில்லை, கையை நீட்டினால்தான் தெரிகிறது என்று அழுதுகொண்டிருந்தாள். கிட்டப் பார்வைக்காகக் கண்ணைக் குவிக்கும் நரம்புகளும் அந்தச் சூட்டில் தளர்ந்துபோகுமாம். பெரும்பாலும் மெல்லத் திரும்பிவிடும் என்று நர்ஸ் சொன்னார். எனக்கு அந்தச் சக்தி எப்போதோ போய் வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டாகிவிட்டது. வயதானதில் ஒரு லாபம்.

இடது கண்ணில் மூன்றாவது தடவையும் முடிந்து மூன்று வாரம் கழித்து மறுபடி மை இறங்கியது. முன்னைவிட அதிகம். போனில் சத்தம் போட்டேன். "உங்க லேசர்னாலதான் உடைஞ்சிருக்கு" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. மறுநாள் நேரில் போனபோது டாக்டரம்மா கோபப்படவில்லை. குழாய்கள் வாடும்போது சுருங்குகின்றன, சுருங்கும்போது பக்கத்தில் ஒட்டியிருக்கும் திசுவை இழுக்கின்றன, அப்போது சிலசமயம் கிழிந்து கசியும் என்றார். ரொம்ப முத்தியவர்களுக்கு அந்த இழுப்பில் விழித்திரையே பிய்ந்து, ஆபரேஷன் வரை போகும். என் கண்ணில் கசிந்தது இரண்டு மாதத்தில் தானாக வடிந்தது. தலையணையை உயர்த்திப் படுத்தால் ரத்தம் கீழே படிந்து நடுப்பகுதி தெளியும் என்றார்கள். இரண்டு மாதமும் நாற்காலியில் சாய்ந்து தூங்கியவன்போலத்தான் தூங்கினேன்.

லேசர் வைத்தால் கண் போய்விடும் என்று எங்கள் ஊரில் பேசிக்கொள்வார்கள். எங்கிருந்து இந்தப் பேச்சு வந்தது என்று இப்போது தெரிகிறது. ரத்தம் கசிந்த பிறகுதான் நம்மாட்கள் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பார்கள். லேசர் வேலை செய்யவே சில வாரம் ஆகும். நடுவில் ஒரு கசிவு வந்தால் பழி லேசர்மேல். தவிர, நன்றாக வேலை செய்தாலும் இது பார்வையைக் கூட்டாது. இருப்பதைக் காப்பாற்றும், அவ்வளவுதான். கண்புரை ஆபரேஷன் முடிந்து மறுநாளே பளிச்சென்று தெரிகிறது என்று குதிப்பவர்களைப் பார்த்துப் பழகிய ஊரில், செலவும் வலியும் பட்டு அதே பார்வையோடு, கொஞ்சம் குறைவாகவே, வெளியே வருபவனை யார் நம்புவார்கள்?

குறைந்தது என்ன என்று கேட்டால், ஓரமும் இருட்டும். மங்கல் வெளிச்சத்தில் பார்க்க உதவும் குச்சி செல்கள் ஓரத்தில்தான் அதிகம். தரிசு போட்டது அந்த இடத்தை. வெயிலிலிருந்து கடைக்குள் வந்தால் இரண்டு மூன்று நிமிடம் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பையன்கள் முதலில் எனக்குத் தலைசுற்றல் என்று நினைத்தார்கள். பொங்கலுக்கு மருமகன் படத்துக்குக் கூட்டிப்போனான். படம் ஆரம்பித்த பிறகு உள்ளே நுழைந்தோம். நான் என் சீட் என்று நினைத்து ஒரு பெரியவர் மடியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பாப்கார்ன் பொட்டலம் நசுங்கியதுதான் மிச்சம். பொழுது சாய்ந்தால் வண்டி எடுப்பதை விட்டுவிட்டேன். இடப்பக்கத்திலிருந்து வரும் சைக்கிள்கள் திடீரென்று முளைக்கின்றன.

இதெல்லாம் சமாளிக்கலாம். என்னை அடித்துப்போட்டது மாசியில் வந்த ஒரு வேலை. திருச்செந்தூர் கடற்கரைப் படம், பின்னணியில் வானமும் கடலும். மெஷினருகில் நின்று நானேதான் மை அளவு சரி என்று சொன்னேன். இரண்டாயிரம் சீட் ஓடிய பிறகு என் மகள் வந்து பார்த்தாள். "என்னப்பா, கடல் பச்சையா இருக்கு?" எனக்கு நீலமாகத்தான் தெரிந்தது. லென்ஸை வைத்துப் புள்ளியைப் பார்த்தேன். சயான் என்ற நீலப் புள்ளிக்குப் பக்கத்தில் மஞ்சள் புள்ளி கொழுத்துப்போய் உட்கார்ந்திருந்தது. லென்ஸில் தெரிகிறது, சும்மா பார்த்தால் தெரியவில்லை. அந்த இரண்டாயிரம் சீட்டும் என் கணக்கில் போனது. டாக்டரிடம் கேட்டேன். நீலம், மஞ்சள் பக்கத்து நிறங்களைச் சர்க்கரை நோயே கொஞ்சம் மங்க வைக்கும், லேசர் அதைக் கூட்டும் என்றார். வெளிர்நீலத்தையும் வெளிர்ப்பச்சையையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டமாகிவிடும். மற்றவர்களுக்கு அது சேலை வாங்கும்போது வரும் சின்னத் தொந்தரவு. எனக்கு அது கைத்தொழில். இப்போது கலர் பார்ப்பது என் மகளும் மெஷின்மேனும். நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துகிறதா என்ற ரெஜிஸ்டர் மட்டும் நான் பார்க்கிறேன்.

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் லேசர் வேண்டாம் என்றிருப்பேனா? இல்லை. நாலு கலரில் ஒன்று மங்கியது, நாலும் இருக்கின்றன. ஆனால் அந்த வேலையை என் மகளைப் பார்க்கச் சொல்லியிருப்பேன். இரண்டாயிரம் சீட் மிஞ்சியிருக்கும். கையெழுத்து வாங்குவது சொல்வதற்காகத்தான் என்றால், பாவை விரியும் முன்னால் வாங்க வேண்டும். இதை டாக்டரம்மாவிடமே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்க சொல்றது சரிதான் ஐயா, கூட்டத்துல அப்படி ஆயிருது" என்றார்.

பங்குனியில் மறு பரிசோதனை. சுகர் சராசரி 7.4க்கு வந்திருந்தது. வலது கண் அமைதி. இடது கண்ணில் ஒரு மூலையில் சின்னதாக ஒரு குழாய் இன்னும் வாடவில்லை, அங்கே இன்னும் இருநூறு புள்ளி நிரப்ப வேண்டும் என்றார். சொட்டு மருந்துப் பெட்டியோடு அதே பெண் வந்தாள்.

"தாயி, முதல்ல அந்தப் பேப்பரைக் குடு."

"அது அப்புறம்தான் ஐயா குடுப்போம்."

"இல்ல தாயி, இப்பவே குடு. நான் படிக்கணும்."

பின்னால் வரிசை நீளம். அவள் முகம் சுளித்தாலும் கொடுத்துவிட்டாள். வெள்ளெழுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, புரூப் படிப்பதுபோல் விரலை வைத்து வரிவரியாகப் படித்தேன். எல்லாம் இருந்தது. வலி, நடுப்பகுதி வீக்கம், ரத்தக் கசிவு, இருட்டில் தடுமாற்றம், நிற உணர்வில் மாற்றம், அபூர்வமாக நடுப்பார்வை இழப்பு. எட்டு மாதம் நான் பட்டது ஒன்றரைப் பக்கத்தில், முன்கூட்டியே அடித்து வைத்திருந்தார்கள். பின்பக்கம், கையெழுத்துப் போடும் இடத்துக்கு இரண்டு வரி மேலே, "சிகிச்சைக்குப் பின் ஓரப் பார்வையில் நிரந்தரப் பதிப்பு ஏற்படலாம்" என்று இருந்தது.

சட்டைப் பையில் பேனா இருந்தது. 'ப'வுக்குப் பக்கத்தில் குறி போட்டு, ஓரத்தில் ஒரு துணைக்காலை எழுதி வட்டமிட்டேன்.

"என்ன ஐயா கிறுக்குறீங்க? ஃபார்ம்ல கிறுக்கக் கூடாது."

"ஒரு கால் விட்டுப்போயிருக்கு தாயி. அடுத்த தடவை அடிக்கிறப்ப அச்சகத்துல சொல்லச் சொல்லு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி அண்ணாந்து உட்கார்ந்தேன்.